வணிகமொழியும் துறவுநெறியும்: பனியனின் உருவகக் கதையிலும் இரட்சணிய யாத்திரிகத்திலும் பொருட்பற்று

1. ஆய்பொருள்

உலகப்பொருளின்மேல் வைத்த பற்றை விட்டு இறைவனைப் பற்றுக என்பது கிறித்துவ இலக்கியம் யாண்டும் வற்புறுத்தும் அறம். அவ்வறத்தை உரைக்குங்கால் அவ்விலக்கியம் கையாளும் மொழியோ பெரும்பாலும் பொருளுலகத்து மொழியாகவே உள்ளது. நிலத்தில் புதையல் கண்டவன் தனக்குள்ளவற்றையெல்லாம் விற்று அந்நிலத்தை வாங்குகின்றான்; நன்முத்துத் தேடும் வணிகன் விலையுயர்ந்த முத்தொன்றைக் கண்டு தன் உடைமை முழுவதையும் விற்கின்றான். இவ்விரண்டு உவமைகளும் மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்பன. அந்நூலின் 6ஆம் அதிகாரம் மண்ணுலகில் பொருள் சேர்த்தலை விலக்கி, விண்ணுலகில் பொருள் சேர்க்குமாறு பணிக்கின்றது. மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், மிகுந்த சொத்துடையான் ஒருவன் அதனை விடமாட்டாது துயரத்தோடு திரும்பிச் செல்கின்றான். அவன் சென்றபின், அனைத்தையும் விட்டு வந்தார்க்கு விட்டவை நூறு மடங்காகக் கிடைக்கும் என்னும் உறுதி கூறப்படுகின்றது.

விற்றல், வாங்கல், சேர்த்தல், மடங்கு என்னும் இச்சொற்களை நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. செல்வத்தைத் துறக்கச் சொல்லும் மொழியே செல்வத்தின் மொழியாயின், துறவு என்பது பேரூதியம் கருதிச் செய்யும் வணிகமாகிவிடாதோ? சிறுபொருளை விட்டுப் பெரும்பொருளைக் கொள்பவன் பற்றை அறுத்தவன் ஆவானோ, அன்றிப் பற்றை இடம் மாற்றியவன் ஆவானோ? இவ்வினா சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. இலக்கியம் கற்பார்க்கும் உரியது. ஒரு காப்பியத்தின் கருத்தும் அக்கருத்தைத் தாங்கும் மொழியும் தம்முள் முரணுமாயின், அந்நூல் தன் பயனை எய்தாது.

இவ்வினாவை ஜான் பனியன் ஆங்கிலத்தில் இயற்றிய யாத்திரிகக் கதையையும், அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தையும் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். பனியன் இவ்வையத்தை அறியாதவர் அல்லர்; அறிந்து, தம் கதைமாந்தர் வாயிலாகவே அதனைச் சோதித்தார். கிருஷ்ண பிள்ளையின் நூலமைப்பு அதே ஐயத்திற்குத் தமிழ்நெறியில் வேறொரு விடை தருகின்றது. இவையே ஈண்டு நிறுவப்படுவன.

2. ஆசிரியர் இருவர்

பனியன் 1628இல் இங்கிலாந்தில் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். உடைந்த கலங்களைச் செப்பனிடும் தொழிலைத் தந்தையிடமிருந்து பெற்றவர். மணம் செய்துகொண்ட காலத்தில் தம் இல்லத்தில் தட்டும் கரண்டியும்கூட இருந்ததில்லை என்றும், மனைவி கொண்டுவந்த சீர் இரண்டு சமயநூல்களே என்றும் 1666இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவரே குறித்துள்ளார். அரசின் திருச்சபை தந்த உரிமையின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தார். இனி உரையாற்றேன் என ஒரு சொல் கொடுத்திருப்பின் விடுதலை பெற்றிருப்பார், கொடுத்திலர். சிறையிலிருந்தே உலோக முனையிட்ட நாடாக்களைச் செய்து விற்று, பார்வையற்ற மகள் உள்ளிட்ட தம் குடும்பத்தைக் காத்தார். யாத்திரிகக் கதையின் முதற்பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன. ஆசிரியர் 1688இல் மறைந்தார். எனவே, பொருளைப்பற்றி அவர் எழுதியது இல்லாமையை அறிந்தவன் எழுத்து. செல்வத்தில் சலிப்புற்றவன் எழுத்தன்று.

கிருஷ்ண பிள்ளை 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். கம்பனிலும் வைணவ நூல்களிலும் தோய்ந்த புலமையர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் கிறித்துவராயினார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களை உடையது. அவர் 1900இல் மறைந்தார்.

பனியனின் கதைமாந்தர் பெயர்கள் குணப்பெயர்கள் ஆதலின், இக்கட்டுரையில் அவை பொருள்பற்றிப் பெயர்த்து வழங்கப்பெறும். இவை கிருஷ்ண பிள்ளை இட்ட பெயர்கள் அல்ல என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

3. சுமையற்றவன்

கதை தொடங்கும்போது, அழிவுநகரில் வாழும் கிறிஸ்தியான் முதுகில் பெருஞ்சுமையோடு நிற்கின்றான். அச்சுமை பாவத்தின் உருவகம். தன் நகர் எரியுண்ணும் என்பதை நூலொன்றால் அறிந்து அஞ்சி ஓடுகின்றான். அவனைத் திருப்பி அழைக்க அயலார் இருவர் பின்தொடர்கின்றனர். ஒருவன் பிடிவாதி, மற்றவன் இணங்குவான். அவர்களிடம் கிறிஸ்தியான் தான் தேடுவது அழியாத உரிமைச் சொத்து என்கின்றான். பிடிவாதி இகழ்ந்து மீள்கின்றான். இணங்குவானோ உடன் வருகின்றான்.

இணங்குவான் வரும் வழியெல்லாம் அடையவிருக்கும் நாட்டின் வளங்களையே வினவுகின்றான். முடிவற்ற அரசு, மணிமுடி, கதிரவன்போல் ஒளிரும் ஆடை எனக் கிறிஸ்தியான் ஒவ்வொன்றாகக் கூறக்கூற அவன் களிப்பு மிகுகின்றது. விரைந்து நடப்போம் எனத் தூண்டுகின்றான். முதுகிலுள்ள சுமையால் தன்னால் விரைய இயலாது என்பது கிறிஸ்தியான் தரும் மறுமொழி. அடுத்த கணம் இருவரும் அவநம்பிக்கைச் சேற்றில் விழுகின்றனர். நீ சொன்ன இன்பம் இதுதானோ எனச் சினந்து, இணங்குவான் தன் வீட்டை நோக்கிய கரையில் ஏறிச் சென்றுவிடுகின்றான். கிறிஸ்தியான் எதிர்க்கரைக்கே முயல்கின்றான்.

இப்பகுதியில் பனியனின் திறம் புலனாகின்றது. விண்ணுலகச் செல்வத்தைப்பற்றிய அதே சொற்களை ஒருவன் சொல்ல, மற்றவன் கேட்கின்றான். இருவரும் நம்புகின்றனர், இருவரும் விரும்புகின்றனர். வேறுபாடு சொல்லில் இல்லை, முதுகில் உள்ளது. இணங்குவானுக்குச் சுமை இல்லை. அவன் ஒன்றிலிருந்து தப்ப வந்தவன் அல்லன். ஒன்றைப் பெற வந்தவன். பெறுவது தாழ்க்குமாயின் திரும்புதல் வணிக அறிவு. அவ்வறிவு அவனிடம் குறைவின்றி இருந்தது. மறுமைப் பேற்றை வாங்கத்தக்க பொருளாக மட்டும் காண்பவன் வழியில் நிலைபெறான் என்பதைக் கதையின் தொடக்கத்திலேயே பனியன் காட்டிவிடுகின்றார். நிற்பவனை நிற்கச் செய்வது ஊதியக் கணக்கன்று, சுமையின் வலி.

4. இரு சிறுவர்

எனினும் பனியனிடத்தும் கணக்கு இல்லாமல் இல்லை. பொருள்விளக்குவோன் இல்லத்தில் கிறிஸ்தியான் காணும் காட்சிகளுள் ஒன்று இரு சிறுவரைப் பற்றியது. ஆவலன் என்பவன் தனக்குரியதை இப்பொழுதே வேண்டுகின்றான். பொறுமையன் வரும் ஆண்டுவரை காத்திருக்க இசைகின்றான். ஒருவர் பொருட்பை ஒன்றைக் கொணர்ந்து ஆவலன் காலடியில் கொட்டுகின்றார். அவன் மகிழ்ந்து பொறுமையனை எள்ளுகின்றான். சிறிது பொழுதில் அனைத்தையும் செலவிட்டுக் கந்தலுடன் நிற்கின்றான். பின்வருவதற்கு இடம் விட்டு முன்வந்தது நீங்கும். இறுதியில் வருவதற்கோ பின்வருவது ஒன்று இல்லை. ஆதலின் பொறுமையனே அறிவுடையோன் என்பது ஆண்டுக் கூறப்படும் விளக்கம்.

இஃது ஊதியக் கணக்கே என்பதை மறைத்தற்கில்லை. நிலையாத பொருளினும் நிலைத்த பொருள் நன்று என்னும் இவ்வாதம் நாலடியாரின் செல்வம் நிலையாமை முதலிய நீதிநூற் பகுதிகளிற் பயின்றார்க்குப் புதிதன்று. ஆயின், அது கதையில் நிற்கும் இடம் கருதத்தக்கது. சிலுவை நிற்கும் மேட்டைக் கிறிஸ்தியான் இன்னும் எய்தவில்லை. சுமை இன்னும் முதுகில் உள்ளது. அவன் இப்பொழுது மாணாக்கன். நிலையாமை கூறி அறிவுறுத்தல் தொடக்கநிலைக்குரிய பாடம். சிலுவையின் முன்னர்ச் சுமை அவிழ்ந்து கல்லறையில் விழுந்த பின்னர், செல்வத்தைப்பற்றி அவன் எதிர்கொள்ளும் சோதனைகள் வேறு வகையின. அவற்றுள் நிலையாமை வாதம் பெரும்பங்கு பெறுவதில்லை. இம்முறைவைப்பைக் கருதாது, இருசிறுவர் காட்சியை மட்டும் கொண்டு பனியன் கூறியது முழுவதும் இலாபக் கணக்கே என்பார் கூற்றுப் பொருந்தாது.

5. பின்னர்ச் சேர்க்கப்பட்டவை

நூலின் பதிப்பு வரலாறும் இதற்குத் துணைசெய்கின்றது. 1678இல் வெளிவந்த முதற்பதிப்பில் உலகஞானி என்னும் பாத்திரம் இல்லை; அதே ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டது. 1679இல் வந்த மூன்றாம் பதிப்பில் பக்கநோக்கன் என்பானும் அவன் நண்பரும் உரையாடும் நெடும்பகுதி சேர்ந்தது. பொருளும் சமயமும் ஒத்துச் செல்லக்கூடும் என்னும் இன்மொழியாளரை விரிவாகக் காட்டும் பகுதிகள் இவை. ஆசிரியர் தம் நூலை மீண்டும் நோக்கியபோது விரித்தற்குரியனவாகக் கண்டவற்றுள் இவை அடங்குதல் தற்செயல் என்று கொள்ளுதற்கு அரிது.

உலகஞானி கிறிஸ்தியானை வழிமறித்துக் கூறும் அறிவுரையில் பழிக்கத்தக்க ஒரு சொல்லும் இல்லை. நல்லொழுக்கம் என்னும் ஊருக்குச் செல்க. சுமையை இறக்கிவைக்க வல்லார் ஆண்டு உளர். மனைவி மக்களையும் அழைத்துக்கொள்ளலாம். வெறுமையாய் நிற்கும் வீடுகள் உள, வாடகை மிகுதியன்று. உணவுப்பொருளும் நன்று, விலையும் மலிவு. அயலாரும் நேர்மையானவர் என்பன அவன் கூறுவன. வாடகையும் விலைவாசியும் ஆன்ம மீட்சியைப்பற்றிய உரையில் எங்ஙனம் புகுந்தன? இங்ஙனம் புகுத்தியதே பனியனின் அங்கதம். உலகஞானி கொடியவன் அல்லன். அனைத்தையும் விலையிட்டுப் பார்த்துப் பழகியவன். மீட்சியும் அவனுக்கு நல்லதோர் ஊரில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் வீடு.

6. மாயச்சந்தை

பொருளைப்பற்றிய காட்சிகளுள் பெரியது மாயச்சந்தை. ஆண்டு முழுவதும் நடைபெறும் அச்சந்தையில் வீடும் நிலமும், பதவியும் பட்டமும், நாடும் அரசும், வெள்ளியும் பொன்னும் முத்தும் விற்கப்படுகின்றன. அவற்றோடு கணவர், மனைவியர், மக்கள், உடல்கள், உயிர்கள் என்பனவும் விற்கப்படுகின்றன. இப்பட்டியலின் கூர்மை இதுவே: விற்கத்தகும் பொருளோடு விற்கத்தகாதவற்றையும் ஒருங்கே வைக்கின்றது. அனைத்திற்கும் விலையுண்டு எனக் கொண்ட உலகில் உயிரும் சரக்காகும் என்பதை விளக்கவுரை ஒன்றும் இன்றி அடுக்கு முறையாலேயே ஆசிரியர் உணர்த்துகின்றார். பிரித்தானியத் தெரு, பிரெஞ்சுத் தெரு, இத்தாலியத் தெரு எனச் சந்தைத் தெருக்களை எண்ணுமிடத்துத் தம் நாட்டுப் பெயரையே முதலில் வைத்தமையும் நோக்குக.

கிறிஸ்தியானும் அவன் தோழனாகிய உண்மையனும் அவ்வழியே செல்கின்றனர். எதை வாங்குவீர் என வினவப்பட்டபோது, மெய்ம்மையை வாங்குவோம் என்கின்றனர். அம்மறுமொழி நீதிமொழிகள் நூலின் 23ஆம் அதிகாரத்தைத் தழுவியது. இங்கும் வாங்குதல் என்னும் வணிகச்சொல்லே ஆளப்படுகின்றது. ஆயின், அச்சொல் உலகவழக்கில் பெறும் பொருள் இங்கே உடைபடுகின்றது. அச்சந்தையில் மெய்ம்மை என்னும் சரக்கு இல்லை. அதனை விற்பாரும் இலர். அதனை வாங்குவோம் என்றவர் அடிக்கப்படுகின்றனர், கூண்டில் அடைக்கப்படுகின்றனர், வழக்குமன்றில் நிறுத்தப்படுகின்றனர். உண்மையன் எரிக்கப்படுகின்றான். அவன் கொடுத்த விலை அவன் உயிர்.

கொடுப்பவன் தன்னையே கொடுத்துவிடுமிடத்துப் பெறுபவன் யார் என்னும் வினா எழும். வணிகத்தில் வாங்குபவன் எஞ்சியிருத்தல் வேண்டும். இங்கே உலகோர் கண்முன் அவன் எஞ்சவில்லை. உண்மையனைத் தேர் ஒன்று விண்ணகத்திற்குக் கொண்டுசென்றது எனக் கதை கூறுதல் உண்மையே. அத்தேர் கூட்டத்திற்கு அப்பால் நிற்கின்றது, பகைவர் அறிந்திலர். உண்மையனும் தேரைக் காட்டி விலைபேசியவன் அல்லன். மன்றில் அவன் கூறியன தன் நம்பிக்கையைப்பற்றிய சொற்களே. வணிகமொழி உள்நின்று உடைபடும் இடம் இது. பனியன் அச்சொல்லை விலக்கவில்லை. அது தாங்கமாட்டாத பொருளை அதன்மேல் ஏற்றினார்.

7. பக்கநோக்கனும் வெள்ளிச்சுரங்கமும்

உண்மையன் இறந்தபின் நம்பிக்கையன் என்பவன் கிறிஸ்தியானோடு சேர்கின்றான். இவ்விருவரும் அடுத்துக் காண்பது பக்கநோக்கனை. உயிர்கொடுத்தவன் மறைந்த உடனேயே இவன் தோன்றுதல் வேண்டுமென்றே அமைக்கப்பட்ட முரண். இவன் இன்சொல்லூரினன், இவன் முன்னோன் ஒரு திசையை நோக்கி மறுதிசைக்குப் படகு வலிப்பவன். காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துச் செல்லாமையும், சமயம் வெள்ளிச்செருப்பு அணிந்து வெயிலில் பலர் புகழ உலாவும்போது அதனோடு உலாவுதலும் இவன் கொள்கைகள்.

இவனோடு பணநேயன், உலகப்பற்றன், சேமிப்பாளன் என்போர் சேர்கின்றனர். நால்வரும் ஒரே பள்ளியில், பறிப்பான் என்னும் ஆசானிடம் பயின்றவர்கள். சமயகுருவோ கடைக்காரனோ சமயப்பற்றை மிகுத்துக்கொள்வதால் நல்வருவாயும் நல்ல வாடிக்கையாளரும் பெறுவானாயின், அது குற்றமாகுமோ என வினா எழுகின்றது. பணநேயன் விடை தருக்கமுறையில் அமைந்தது. சமயப்பற்றுடையனாதல் நன்று, செல்வ மனைவியைப் பெறுதல் குற்றமன்று, நல்ல வாடிக்கை பெறுதலும் அவ்வாறே. நல்லது ஒன்றால் நல்லன பல விளைந்தன. ஆதலின் அனைத்தும் நன்று. இத்தருக்கத்தின் ஒவ்வொரு கூறும் தனித்தனியே ஒப்பத்தக்கது. முடிவு மட்டுமே பொருந்தாதது.

கிறிஸ்தியான் இதற்கு இறுத்த விடையில் ஏமோரும் சீகேமும், பரிசேயரும், யூதாஸும், சீமோனும் சான்றாகின்றனர். உலகப்பொருளுக்காகச் சமயத்தை ஏற்பவன் உலகப்பொருளுக்காகவே அதனை எறிந்தும்விடுவான் என்பது அவ்விடையின் சாரம். சமயத்தை வழியாகவும் பொருளை முடிவாகவும் கொள்பவனுக்கு, வழி தடைப்படுமிடத்து முடிவே எஞ்சும். இணங்குவானின் இயல்பே பக்கநோக்கனிடம் முதிர்ந்து நிற்கின்றது. முன்னவன் விண்ணகப் பொருளை விரும்பிச் சேற்றைக் கண்டு மீண்டான்; பின்னவன் மண்ணகப் பொருளுக்கே விண்ணக வழியில் நடக்கின்றான்.

இவ்வாதத்தின் முடிவைச் சொல்லால் அன்றி நிகழ்ச்சியால் காட்டுகின்றார் ஆசிரியர். வழியின் ஓரத்தில் இலாபம் என்னும் குன்றும் வெள்ளிச்சுரங்கமும் உள்ளன. பவுலடியாரை விட்டு உலகத்தை விரும்பிச் சென்றவனாக இரண்டாம் தீமோத்தேயு நிருபம் குறிக்கும் தேமா, சுரங்கத்தருகே கனவான்போல் நின்று வழிப்போக்கரை அழைக்கின்றான். நம்பிக்கையன் சென்று காண்போம் என்கின்றான், கிறிஸ்தியான் தடுக்கின்றான். அவ்விடம் ஊறு செய்யுமோ என வினவப்பட்டபோது, விழிப்பற்றவர்க்கே ஊறு என்று கூறும் தேமாவின் முகம் சிவக்கின்றது. வாய் ஒளித்ததை முகம் காட்டிவிட்டது.

பின்வந்த பக்கநோக்கனும் தோழரும் முதல் அழைப்பிலேயே சென்றுவிட்டனர். விளிம்பிலிருந்து நோக்கி உள்ளே விழுந்தனரோ, தோண்ட இறங்கினரோ, சுரங்கத்து நச்சுக்காற்றால் மூச்சடைத்தனரோ, உறுதியாகத் தெரியவில்லை. மீண்டும் அவ்வழியில் அவர்கள் காணப்பட்டிலர் என்கின்றது கதை. நெடுநேரம் தருக்கம் பேசியவர் முடிவுக்கு ஒரு சொல்லும் செலவிடப்படவில்லை. உண்மையன் முடிவை மன்று, சான்று, தீர்ப்பு, தேர் என விரித்தவர் இவர்தம் முடிவை இங்ஙனம் சுருக்கியமையே மதிப்பீடு.

அடுத்து இருவரும் காண்பது லோத்தின் மனைவி உப்புத்தூணாய் நிற்கும் காட்சி. சுரங்கத்தைக் காண விரும்பியமைக்கு நம்பிக்கையன் நாணுகின்றான். பொருளாசை நண்பர்களிடத்தும் உறைவது; அதனை ஒருவர் மற்றவர்க்குத் தடுத்துக் காக்க வேண்டும் என்னும் கருத்து இதனால் பெறப்படும்.

8. தமிழ்க் காப்பியம் எதிர்கொண்ட இடர்

பனியன் எழுதியது எளிய உரைநடை. அதனைப் பெருங்காப்பியமாக்க முனைந்த தமிழ்ப்புலவர்க்குப் பனியனுக்கு இல்லாத இடர் ஒன்று உண்டு. மலை, கடல், நாடு, வளநகர் முதலியவற்றின் வருணனையைப் பெருங்காப்பியத்தின் உறுப்பாகத் தண்டியலங்காரம் விதிக்கின்றது. அறம் பொருள் இன்பம் வீடு என்னும் நான்கும் பயத்தல் வேண்டும் என்கின்றது. வளம் பாடுதல் காப்பிய மரபு. 1726இல் வீரமாமுனிவர் தேம்பாவணி இயற்றியபோதும் நாட்டுப் படலம், நகரப் படலம் என்றே தொடங்கினார். எனவே, செல்வத்தை இகழும் கதையைச் செல்வத்தை அழகாக்கும் இலக்கிய வடிவில் பாடுதல் தமிழ்க் கிறித்துவக் காப்பியங்களின் முன்நின்ற இடர். மண்ணகத்து வளம் பழிக்கப்படுமாயின், புலவன் கற்பனை விண்ணகத்து வளத்தைப் பாடுதலில் பெருகும். அங்ஙனம் பெருகுந்தோறும் நாம் தொடக்கத்தில் எழுப்பிய ஐயம் வலுப்பெறும்.

இதற்கு விடையாக நிற்பது குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலம். பனியன் சிலுவைக் காட்சியைச் சில வரிகளில் முடிக்கின்றார். கிறிஸ்தியான் காண்கின்றான், சுமை விழுகின்றது. கிருஷ்ண பிள்ளையோ கிறிஸ்து மன்றில் நிறுத்தப்பட்டு, இகழப்பட்டு, துன்புற்ற வரலாற்றை விரித்துப் பாடுகின்றார். மூலநூலின் அளவைக் கடந்த இவ்விரிவு மொழிபெயர்ப்பன்று. காப்பியத்தின் நடுப்பொருளை இடம் மாற்றும் செயல். யாத்திரிகன் எதைப் பெறுவான் என்பதினும் யாரைக் காண்கின்றான் என்பது முதன்மை பெறுகின்றது. ஏதும் அற்றவராய், இழிவைப் பொறுத்து நிற்கும் தலைவனைக் கண்டவனுக்குச் செல்வம் தானே சுவையற்றுப் போகின்றது. துறவுக்கு ஏது ஊதியம் அன்று, அன்பு.

இவ்வாறு அமைத்தற்குத் தமிழ் மரபு இடந்தந்தது. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் அரச செல்வத்தையும் வானாளும் செல்வத்தையும் வேண்டாது, வேங்கடத்தில் ஒரு பறவையாகவோ மீனாகவோ பிறக்க விழைகின்றார். பெரிய புராணத்துத் திருக்கூட்டச் சிறப்பில் சேக்கிழார், பொன்னையும் ஓட்டையும் நிகராகக் கருதி, அன்பால் தொழுதலையன்றி வீடுபேற்றையும் வேண்டாத அடியார்களைப் பாடுகின்றார். கம்பனின் இராமன் அரசு வருக என்றபோதும் செல்க என்றபோதும் மாறாத முகத்தினன். மண்ணகச் செல்வத்தோடு விண்ணகச் செல்வத்தையும் ஒருசேரக் கடந்து நிற்கும் அன்பைப் பாடப் பழகியது இம்மொழி. வைணவத்தில் வளர்ந்து கம்பனில் தோய்ந்த கிருஷ்ண பிள்ளை, தாம் ஏற்ற புதிய நம்பிக்கையைப் பாடுங்கால் இம்மரபின் உணர்வை உடன்கொண்டு வந்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும். காப்பியத்தின் இடையே அவர் தேவாரங்களை அமைத்தமை இதற்கு வெளிப்படையான சான்று. கதை நடக்குமிடத்து வழியின் பயனைக் கணக்கிடலாம். தேவாரம் பாடுமிடத்துக் கணக்கு இல்லை.

9. ஒரு தடையும் விடையும்

பொருளை முற்றும் பழித்தல் தமிழறத்திற்கு ஒவ்வாதே என்னும் தடை ஈண்டு எழக்கூடும். வள்ளுவர் அருளுடைமையில் அருட்செல்வத்தைப் பொருட்செல்வத்தினும் உயர்த்துகின்றார். அதே அதிகாரத்தில், அருளில்லார்க்கு அவ்வுலகம் இல்லாதவாறுபோலப் பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை என்னும் கருத்தையும் வைக்கின்றார். பொருள்செயல்வகை என்று தனி அதிகாரமே வகுத்துள்ளார். பனியனின் முதற்பாகத்தில் கிறிஸ்தியான் மனைவி மக்களை விட்டுச் செவிகளை அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். இல்லறத்தாரும் ஈகையாளரும் அவ்வழியில் எங்கே நிற்பர்?

இக்குறையை முதற்பாகம் நீக்கவில்லை என்பதை ஒப்புதல் வேண்டும். நீக்குவது 1684இல் வந்த இரண்டாம் பாகம். அதில் கிறிஸ்தியானின் மனைவி, மக்கள் நால்வரோடு அதே வழியில் வருகின்றாள். பொருள்விளக்குவோன் இல்லத்தில் அவள் காணும் காட்சி வேறு. கையில் குப்பைவாரி ஏந்திய ஒருவன் கீழேயே நோக்கி வைக்கோலையும் துரும்பையும் தூசியையும் வாரிக்கொண்டிருக்கின்றான். அவன் தலைக்குமேல் ஒருவர் மணிமுடி ஏந்தி நிற்க, நிமிர்ந்து பார்த்திலன். இங்கே பழிக்கப்படுவது வைக்கோல் அன்று, நிமிராமை. பின்னர், எறிய எறிய மிகுந்த பொருளுடையான் யார் என்னும் புதிர் விடுதி ஒன்றில் கூறப்படுகின்றது. ஏழையர்க்கு ஈபவனே அவன் என்பது விடை. ஈகை மலையில் ஒருவன் துணிச்சுருளிலிருந்து வறியவர்க்கு ஆடைகள் வெட்டிக்கொண்டேயிருக்கின்றான், சுருள் குறையவில்லை. பொருளைத் தேக்கிவைத்தலே பற்று. கைவழிச் செல்லவிடுதல் அறம் என்னும் தெளிவு இங்குக் கிடைக்கின்றது. வள்ளுவர் ஒப்புரவறிதலில் கூறும் நெறிக்கு இஃது அயலதன்று.

சிறையில் நாடா முடைந்த பனியனின் வாழ்க்கையும் இதனையே உரைக்கும். விடுதலை என்னும் விலைக்குத் தம் நம்பிக்கையை அவர் விற்றிலர். அதன்பொருட்டுக் குடும்பத்தின் உணவையும் மறந்திலர். பற்றறுத்தல் கடமையை அறுத்தல் அன்று.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான் பெறப்படுவன இவை. கிறித்துவ இலக்கியம் துறவைக் கூற வணிகமொழியை ஆளுதல் அதன் மறைநூலிலேயே தொடங்குவது. அம்மொழியில் உள்ள இடரைப் பனியன் இணங்குவான், உலகஞானி, பக்கநோக்கன் என்னும் மாந்தர் வாயிலாகச் சோதித்து, பின்வந்த பதிப்புகளில் அச்சோதனையை மிகுத்தும், மாயச்சந்தையில் அச்சொல்லை அதன் எல்லைக்கப்பால் செலுத்தியும் வென்றார். கிருஷ்ண பிள்ளை காப்பிய மரபால் மிகுந்த அவ்விடரைக் கிறிஸ்துவின் பாடுகளை விரித்தும் தேவாரங்களை அமைத்தும் பத்திநெறியால் கடந்தார். இரட்சணிய யாத்திரிகத்தை ஆங்கில நூலின் தழுவல் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. மூலநூலின் வினா ஒன்றிற்கு அது தரும் விடை தனியே ஆராயத்தக்கது.

மத்தேயுவின் புதையல் உவமையை இறுதியில் மீண்டும் நோக்குக. அவன் தன் உடைமையை மகிழ்ச்சியினாலேயே விற்றான் என்று அந்நூல் கூறுகின்றது. விற்ற பின்னர் மகிழ்ந்தான் என்று கூறவில்லை. மகிழ்ச்சி முன்னது, விற்றல் பின்னது. வணிகனுக்கு மகிழ்ச்சி ஊதியத்தின் பயன். அவனுக்கோ அதுவே இழத்தற்குரிய ஆற்றல். இந்நுண்ணிய வேறுபாட்டைக் கதையாக்கியவர் பனியன். பாட்டாக்கியவர் கிருஷ்ண பிள்ளை.